ஐந்தாம் குடிலின் சிவப்புக் கொடி

விடிவதற்கு முன்பே மலையிறங்கினால்தான் சங்கு ஊதுவதற்குள் கம்பெனி வாசலைத் தொட முடியும். பனி பெய்துகொண்டிருந்தது. ரப்பர் பூட்ஸ் இருந்தவர்கள் பக்கவாட்டில் காலை ஊன்றி இறங்கினார்கள்; இல்லாதவர்கள் பாதையோரப் புல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கழுத்தருகே ஊக்கு குத்திய கம்பளிகள் நனைந்து கனத்துத் தோளை இழுத்தன. யாரும் பேசவில்லை. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போகும்.

மாபொலோகோ முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் நாத்தனார் பூலெங். கைக்குழந்தை தெபெலோவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் பூலெங்குக்குத் தினமும் நேரமாகிவிடும். பால் கட்டிய மார்போடு ஓடிவந்து கூட்டத்தில் சேர்ந்துகொள்வாள்.

கீழே, செங்கு ஆறு திரும்புகிற இடத்தில், எட்டுப் பசுமைக்குடில்கள் மஞ்சள் வெளிச்சத்தோடு நின்றன. உள்ளே கஞ்சா. வெளிநாட்டு நோயாளிகளுக்கு எண்ணெயாகவும் மாத்திரையாகவும் போகிற மருந்துக் கஞ்சா. லெசோத்தோ மலைக்குக் கஞ்சா புதிதில்லை. பாறைச் சந்திலும் சோள வரிசைக்கு நடுவிலும் எத்தனையோ காலமாக வளர்ந்ததுதான். போலீஸ் வருவான், பிடுங்கி எரிப்பான், வளர்த்தவனை விலங்கு போட்டுக் கூட்டிப்போவான். இப்போது அதே செடிக்குப் பிளாஸ்டிக் கூரை, சூடேற்றக் குழாய், சட்டம் போட்டு லைசென்ஸ்.

"எங்கப்பன் வளர்த்தா ஜெயில். ஃபூரி வளர்த்தா டாலர்" என்று கம்பெனி முதலாளியைக் குத்திச் சொல்வான் மோஹாபி. அவன்தான் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன். எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கிக்கொண்டு திரும்பியவன். இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவனுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது.

உடை மாற்றுகிற தகரக் கொட்டகையில் கம்பளியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலைக்கு வலை, வாய்க்குத் துணி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்ட வேண்டும். இவ்வளவும் பூவுக்காக. இவர்கள் முடியும் தும்மலும் பூவில் படக் கூடாது. பூவில் நஞ்சு இருக்கக் கூடாது என்று சட்டம் எழுதியிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான், நோயாளி குடிக்கிற எண்ணெயில் எவன் நஞ்சைச் சேர்ப்பான்? ஆனால் அந்தப் பூவைத் தொடுகிறவளின் மூச்சுக்குள் என்ன போகிறது என்று கேட்க யாரும் வந்ததில்லை. தலைநகரிலிருந்து சோதனைக்கு வருகிறவர் பூவைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். பெண்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

கொடி மாபொலோகோவின் பொறுப்பு. மருந்தடித்த குடிலின் வாசல் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். இரண்டு ராத்திரி போக வேண்டும். பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டுக் காற்றோட விட வேண்டும். பிறகுதான் கொடியை இறக்கலாம், ஆள் உள்ளே போகலாம். முதன்முதலில் அந்தக் கொடி ஏறியபோது பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இந்த மலையில் வெள்ளைக் கொடி பறக்கிற வீட்டில் வீட்டுப் பீர் கிடைக்கும். பச்சை பறந்தால் காய்கறி. சிவப்பு பறந்தால் இறைச்சி. "ஐயா, ஆடா மாடா? எனக்கு ஈரல் எடுத்து வைங்க" என்று பூலெங் போய் ஃபூரியிடமே கேட்டாள். ஃபூரியும் சிரித்தார்.

அன்றைக்கு ஐந்தாம் குடிலின் கம்பத்தில் கொடி நனைந்து தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம்தான் மருந்தடித்திருந்தார்கள். ஃபூரி தன் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். கம்பெனியில் பாதி அவருடையது. எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த வெள்ளைக்காரர். மலை மொழியை மலைக்காரர்களைப் போலவே பேசுவார்.

"கொடியை எறக்கும்மா."

"நேத்துத்தானே ஐயா அடிச்சது. இன்னும் ஒரு ராத்திரி இருக்கே."

"அந்தக் கணக்கு பழைய மருந்துக்கு. இது செடியிலேர்ந்து எடுத்த எண்ணெய்."

"ஆட்டைக் குளிப்பாட்டுற மருந்து வாடை அடிக்குதே ஐயா."

"அடிச்சா என்ன? பொறந்ததுலேர்ந்து மோந்துக்கிட்டிருக்கிற வாடை. அதுக்கா பயம்?"

பின்னால் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அதுதான் உண்மையும். இந்த மலையில் ஆடில்லாத வீடு ஏது? வருஷாவருஷம் தொட்டியில் மருந்தைக் கரைத்து ஆட்டை முக்கியெடுக்கிற நாள் திருவிழா மாதிரி. அந்த வாடை அவர்களுக்கு வீட்டு வாடை. வேறு ஏதாவது புதுவிதமாக நாறியிருந்தால் பயந்திருப்பார்கள்.

"செடிப்பேன் மொட்டுல ஏறிடுச்சு. இன்னைக்கு இலை கழிக்கலேன்னா அடுத்த வாரம் அறுப்பு இல்ல. அறுப்பு இல்லேன்னா சம்பளத்தைக் கொடிகிட்டக் கேட்டு வாங்கிக்கிறீங்களா?"

மாபொலோகோ குடிலின் வாசலைப் பார்த்தாள். இந்த மனுஷன் ஏன் வண்டியை விட்டு இறங்கியும் குடிலுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று தோன்றியது. தோன்றி என்ன? கயிற்றை அவிழ்த்தாள். கொடி சொதசொதவென்று கையில் விழுந்தது.

உள்ளே இதமான சூடு. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த குடில். கூரைப் பிளாஸ்டிக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. பூலெங் போன வேகத்தில் திரும்பி ஓடி, கொட்டகையில் மாட்டியிருந்த நனைந்த கம்பளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். வெந்நீர்க் குழாயின் மேல் அதை விரித்தாள். இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். விதிப்படி கூடாதுதான். ஆனால் பனி பெய்கிற நாளில் எல்லோரும் செய்வதுதான். ஈரக் கம்பளியோடு மலையேறினால் ராத்திரி காய்ச்சல் வரும்.

"அண்ணி, பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

"நான் எதைப் பாத்தேன்? வேலையைப் பாருடி."

ஆளுயரச் செடிகளுக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்து அடியிலையைக் கிள்ளினார்கள். பிசின் கையுறையில் கறுப்பாக ஒட்டியது. மத்தியானத்துக்குள் மாபொலோகோவுக்குக் கண் எரிந்து நீர் வடிந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். பழைய சோளக்களி ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கம்பளி மொடமொடவென்று காய்ந்திருந்தது. பூலெங் அதைப் போர்த்திக்கொண்டு மேடேறினாள். பக்கத்து வீட்டிலிருந்து குழந்தையை வாங்கி முதுகில் போட்டு, அதே கம்பளியால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். குழந்தை துணியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது. ராத்திரியும் அதே கம்பளிதான் இருவருக்கும்.

மறுநாள் விடியலில் பூலெங் கதவைத் தட்டவில்லை, மோதினாள்.

"அண்ணி, பிள்ளை கண்ணைத் தொறக்க மாட்டேங்குது."

தெபெலோவின் உடம்பு துவண்டு கிடந்தது. வாயோரம் எச்சில் நுரை. மூச்சு கரகரவென்று இழுத்தது. இரண்டு பெண்களும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு மேட்டுச் சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். நர்ஸம்மா குழந்தையின் இமையைப் பிரித்து விளக்கடித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. கம்பளியை மோந்து பார்த்தவள் அதைச் சுருட்டி வெளியே எறிந்தாள். குழந்தைக்குச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஊசி போட்டாள், பூலெங்கையும் உடுப்பை மாற்றிக் குளிக்கச் சொன்னாள். அப்புறம்தான் பேசினாள்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"கஞ்சாக் கம்பெனியில."

"என்ன மருந்து அடிச்சாங்க?"

"செடி எண்ணெய்னு சொன்னாங்க."

"எண்ணெய்க்குக் கண்மணி இப்படிச் சுருங்காது. இதோ பாருங்க, வாடையை வெச்சு ஒரு ஊசி போட்டிருக்கேன். எங்கிட்ட இருக்கறது கொஞ்சம்தான். பனியில கணவாய் மூடிக் கெடக்கு, ஆம்புலன்ஸ் எப்ப வரும்னு தெரியாது. மருந்தோட பேர் தெரிஞ்சா பெரிய டாக்டரைப் போன்ல கேட்டு, எதை, எவ்வளவு, எத்தனை நேரம் போடணும்னு முடிவு பண்ணலாம். டப்பா மேல ஒட்டியிருக்கும். அந்தப் பேர் மட்டும் போதும். ஓடுங்க."

மாபொலோகோ ஓடினாள். பனி விட்டு வெயில் அடித்தது. இறக்கத்தில் இரண்டு தடவை விழுந்தாள். ஒரு பேர்தானே, கேட்டால் சொல்லிவிடப் போகிறார், மனுஷன்தானே என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஃபூரி அலுவலக வாசலில் வண்டியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்லச் சிகரெட் விரலிலேயே எரிந்தது.

"குழந்தை பொழைச்சுக்குமா?"

"பேர் சொன்னா பொழைச்சுக்கும் ஐயா."

"அதான் சொன்னேனே. எண்ணெய்."

"நர்ஸம்மா ஒத்துக்கல."

"கம்பளியைக் குடிலுக்குள்ள கொண்டுபோகச் சொன்னது யாரு? நானா? வெளியில மாட்டணும்னு எழுதியே போட்டிருக்கு. விதியை மீறினது உன் நாத்தனார். அவ இனிமே வேலைக்கு வர வேணாம்."

"வேலை கெடக்கட்டும் ஐயா. பேரைச் சொல்லுங்க."

அவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். குரலைத் தாழ்த்தினார். "நானும் பிள்ளை பெத்தவன்தான். ஆனா கேட்டுக்க. அந்தப் பேர் வெளிய போனா லைசென்ஸ் போயிடும். இந்தச் செடிக்கு எது அடிக்கலாம்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு. லைசென்ஸ் போனா எட்டுக் குடிலும் பூட்டு. இந்த மலையில வேற எவன் உங்களுக்கு வேலை குடுப்பான்? அறுக்குறதுக்குள்ள அது பூவுலேர்ந்து போயிடும். எந்த நாட்டுல சோதிச்சாலும் தெரியாது. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"பூவுலேர்ந்து போயிடும், சரி. போய் எங்க ஐயா உக்காரும்?"

ஃபூரி திரும்பினார். அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் மோஹாபியைத் தேடிப் போனாள். அவன் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு எப்படித் தெரியும் அக்கா? தொட்டியில கரைச்சு வெச்சுட்டுத்தான் என்னைக் கூப்பிடுறாங்க. டிரம்மை அறைக்குள்ள பூட்டி வெச்சிருக்காங்க, வெளிய கெடக்குற டப்பா மேல இருந்த தாளைச் சொரண்டியாச்சு." அவன் இருமினான். இந்தத் தடவை அதில் சிரிப்பு இல்லை. "நாள் பூரா முதுகுல சொமக்குறேன். சொமக்குறதோட பேர் தெரியாது. எனக்கும் கழுதைக்கும் என்ன வித்தியாசம்?"

சங்கு ஊதிவிட்டது. ஆனால் தகரக் கொட்டகையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. வெள்ளைச் சட்டையைப் பாதி மாட்டியபடி பெண்கள் மாபொலோகோவைச் சுற்றி நின்றார்கள். தங்கள் கம்பளியையும் குழாயில் காயவைத்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளிரில் நடுங்கினார்கள். ஒருத்தி உடனே வீட்டுக்குப் போன் போட்டு, படுக்கையிலிருக்கிற கம்பளியைத் தூக்கி வெளியே வீசச் சொன்னாள்.

"பேர் கேக்குறது நியாயந்தான்" என்றாள் ஒல்லியான ஒருத்தி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நாலு பிள்ளைகளை ஒண்டியாக வளர்க்கிறவள். "கேட்டு, கம்பெனியைப் பூட்டிட்டுப் போயிட்டான்னா? என் பிள்ளைங்க பனியைத் தின்னுமா?"

"உன் பிள்ளைக்கு வந்திருந்தா இப்படிப் பேசுவியா?" என்றாள் இன்னொருத்தி.

"எனக்கு வராதுன்னா பேசுறேன்? பசிச்சாலும் பிள்ளை சாகும்டி."

சத்தம் ஏறியது. ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். எந்தக் காலத்து மனஸ்தாபமெல்லாமோ நடுவில் வந்து விழுந்தது. மாபொலோகோ நேற்று இறக்கி ஆணியில் மாட்டியிருந்த ஈரம் காயாத கொடியை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்தாள்.

"இதை எறக்கினது நான்" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "எறக்கக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் எறக்கினேன். பூலெங் கம்பளியைக் கொண்டுவந்ததையும் பாத்தேன். வேலை போயிடுமோன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு." கொடியை மறுபடி கையில் எடுத்தாள். "நான் இதை மறுபடியும் ஏத்தப்போறேன். பேர் தெரியிற வரைக்கும் எறக்க மாட்டேன். கொடி பறக்குற குடிலுக்குள்ள ஆள் போகக் கூடாதுன்னு விதி. அவர் போட்ட விதிதான்."

ஒல்லிப் பெண் கொடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அஞ்சாம் குடில்ல மட்டும் ஏத்தினா உன்னை மட்டும் வெளிய தள்ளுவான்" என்றாள். "எட்டுலயும் ஏத்து. மத்ததுல என்ன அடிச்சான்னு யாருக்குத் தெரியும்?"

ஏற்றலாம். கம்பெனியில் இருந்ததோ இரண்டே கொடி. மற்ற ஆறுக்கு எங்கே போவது? நாலைந்து பேர் மேட்டை நோக்கி ஓடினார்கள். இறைச்சி விற்கிற வீடுகளின் கம்பத்திலிருந்து கொடியைக் கழற்றினார்கள். ஒரு கடைக்காரி கத்தியும் கையுமாக வெளியே வந்தாள்.

"இன்னைக்குத்தான்டி ஆடு அறுத்திருக்கேன். கொடி இல்லேன்னா எவன் வருவான்?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த பழைய கொடியையும் எடுத்துவந்து கொடுத்தாள். அதுவும் போதாமல் ஒரு சிவப்புப் பாவாடை, கிழிந்த மேசைத்துணி ஒன்று. மோஹாபி கம்பத்துக்குக் கம்பம் போய் முடிச்சுப் போட்டான். ஐந்தாம் குடிலில் மாபொலோகோ தானே ஏற்றினாள். கயிற்றின் நுனியைக் கம்பத்தில் கட்டாமல் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

கழுவிவிட்ட மாதிரி இருந்தது வானம். பனி போர்த்திய பள்ளத்தாக்கில் எட்டுச் சிவப்பும் காற்றில் படபடத்தன. பெண்கள் குடில்களின் வாசலில் கம்பளியில்லாமல் ஒருத்தியோடொருத்தி ஒட்டி உட்கார்ந்தார்கள்.

ஃபூரி வெளியே வந்தார்.

"என்ன நாடகம் இது? எறக்குங்க எல்லாத்தையும்."

"பேர் சொல்லுங்க ஐயா, எறக்குறேன்" என்றாள் மாபொலோகோ.

"சாயங்காலத்துக்குள்ள வேற ஊர்லேர்ந்து ஆள் எறக்குவேன். நடக்காதுன்னு நெனைக்கிறியா?"

"கணவாய் மூடிக் கெடக்கு ஐயா" என்றான் மோஹாபி. "எங்க பிள்ளைக்கு ஆம்புலன்ஸே வரல. உங்க ஆளு எப்படி வரும்?"

"பூ வீணாப் போகுது. இந்தப் பூவுக்காக அங்க நோயாளிங்க காத்துக்கெடக்குறாங்க, தெரியுமா உங்களுக்கு?"

"அவங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்குறோம்" என்றாள் ஒல்லிப் பெண். "அவங்ககிட்டயும் எண்ணெய்னுதானே சொல்லுவீங்க."

ஃபூரி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேட்டுப் பாதையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. கம்பளி போர்த்திய கிழவர் ஒருவர் குதிரையில் இறங்கிவந்தார். மடியில் பெரிய எனாமல் பேசின். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பேசின். அதற்குப் பின்னால் இன்னும் பலர். வாளி, சட்டி, மூடி போட்ட பாத்திரம். எதிர்ச்சரிவு ஊரிலிருந்தும் ஆட்கள் ஆற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

கிழவர் குதிரையை நிறுத்திக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எட்டு எடத்துல பறக்குதே. எத்தனை மாடு அறுத்தீங்க? யார் வீட்டுக் கல்யாணம்?"

பெண்கள் ஒருத்தியையொருத்தி பார்த்தார்கள். காலையிலிருந்து அழுத முகங்கள். யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அப்புறம் எல்லோருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

"இறைச்சி இல்ல பெரியவரே" என்றாள் மாபொலோகோ. "வீணா நடந்து வந்துட்டீங்க." பிறகு நடந்ததைச் சொன்னாள். கம்பளி, குழந்தை, நர்ஸம்மா கேட்ட பேர், ஃபூரி சொல்லாத பேர். கொடியை இறக்கினது தான்தான் என்பதையும் விடாமல் சொன்னாள். வந்த கூட்டம் அவளைச் சுற்றி நெருங்கி நின்று கேட்டது.

கிழவர் குதிரையை விட்டு இறங்கினார். ஃபூரியைப் பார்த்தார்.

"பேர்தானே கேக்குது பொண்ணு. சொல்லிட வேண்டியதுதானே?"

"இது கம்பெனி விஷயம். கெளம்புங்க. இறைச்சி கிடையாது இங்க."

கிழவர் தலையசைத்தார். பனியைக் காலால் ஒதுக்கினார். பேசினைக் கவிழ்த்துப் போட்டு, கம்பளியை ஒழுங்குபண்ணிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தார். பின்னால் வந்த இரண்டு பெண்களும் தங்கள் பேசினைக் கவிழ்த்தார்கள். பிறகு வாளிகள், சட்டிகள். வாசல் முழுக்கத் தகரமும் எனாமலும் மண்ணில் கவிழ்கிற சத்தம். கம்பளியில்லாமல் நடுங்கிய பெண்களைத் தங்கள் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்கள். மூன்றாம் குடிலின் வாசலில் ஒரே கம்பளிக்குள் மூன்று தலைகள் தெரிந்தன.

மாபொலோகோவின் போன் அடித்தது. பூலெங்.

"அண்ணி, பிள்ளை அழுதுச்சு. கொஞ்சம்தான், ஆனா அழுதுச்சு. இன்னும் ஒரு ஊசிக்குத்தான் மருந்து இருக்காம். பேர் கெடைச்சுதா?"

"கேட்டுக்கிட்டிருக்கோம்டி."

"யாரெல்லாம்?"

மாபொலோகோ சுற்றிப் பார்த்தாள். எண்ணி முடியவில்லை. போனை ஃபூரியின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கரகரவென்ற சின்ன அழுகை ஒன்று அதிலிருந்து கேட்டது. ஃபூரி அங்கேயே நின்றார், உள்ளேயும் போகவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, டிரம் வைத்திருந்த அறையின் சாவியை எடுத்தார். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாபொலோகோ கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மேட்டுப் பாதையில் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், கையில் பேசினோடு.